பதினோராவது தூண்

உப்பனாற்றின் மேல் ஒரு பாலம்.
கணக்கில் தூண்கள் பதினொன்று,
ஆற்றில் பத்து.
கதை அவ்வளவுதான்.

பொதுப்பணித் துறையில் எழுத்தராக இருந்த தணிகாசலம்
விடுப்பு விண்ணப்பங்களின் பின்பக்கத்தில் எழுதிய நாடகம்.
பத்துப் பையன்கள் சிமெண்ட் சாக்கைக்
கழுத்துவரை மாட்டிக்கொண்டு
கடைசிவரை அசையாமல் நிற்பார்கள்.
பத்தாவது பையனுக்குப் பக்கத்தில்
ஓராள் நிற்கிற அளவுக்கு வெற்றிடம்.
அதன் மேல் மட்டும் ஒரு வெளிச்சம் விழவேண்டும்.
அந்த வெளிச்சம் என் பொறுப்பு.
"இல்லாததை நல்லாக் காட்டுய்யா" என்பார்
ஒவ்வொரு ஒத்திகையிலும்.

எழுபத்தொன்பது. மஞ்சக்குப்பம் மைதானம்.
பால்மாவு டப்பாவுக்குள் நூறு வாட் பல்பு.
காண்ட்ராக்டராக வந்த ஹபீபுல்லா
"தூணுக்கு ஐயாயிரம்" என்றதும்
கூட்டத்தில் ஒரு குரல், "அடேங்கப்பா!"
மறுவாரம் தணிகாசலத்துக்கு மாறுதல் உத்தரவு.
தண்ணியில்லாக் காடு.
பாலமே தேவைப்படாத ஊர்.

தொண்ணூற்றேழில் திரும்பப் போட்டோம்,
திருப்பாதிரிப்புலியூரில், ஒரு கல்யாண மண்டபத்தில்,
முந்தின நாள் கட்டிய வாழைமரம் வாசலில் இருக்கவே.
ஐயாயிரத்தை அடித்து
ஐந்து லட்சம் என்று எழுதினேன்.
பேனாவைப் பார்த்துவிட்டு தணிகாசலம் சொன்னார்:
"தொகையை மட்டும் பென்சிலில் எழுதுப்பா."

தானே புயலுக்கு மறுவருஷம்
கூரை போன பள்ளிக்கூடத்தில் போட்டோம்.
யாரும் சிரிக்கவில்லை.
சிரிக்க எழுதிய இடங்களில் இருமினார்கள்.
முடிந்ததும் தேவனாம்பட்டினத்து அம்மா ஒருத்தி
நேராக ஹபீபுல்லாவிடம் வந்தாள்.
"வீட்டுக்கு மனு குடுத்தேனே சார், என்னாச்சு?"
ஒட்டுமீசையோடு நின்றார் அவர்.
நான் நடிகன்மா என்று சொல்லியிருக்கலாம்.
சொல்லவில்லை.
மனுவின் நகலை வாங்கி
ஜிப்பாப் பையில் வைத்துக்கொண்டார்.
பிறகு ஒரு மாதம்
கலெக்டர் ஆபீஸ் வரிசையில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

போன மாதம் கல்லூரிப் பிள்ளைகள் எடுத்தார்கள்.
தணிகாசலம் இல்லை, ஹபீபுல்லாவும் இல்லை.
இயக்கம் இலக்கியா. மூன்றாம் ஆண்டு இயற்பியல்.
"தொகையே வேண்டாம் சார்,
எவ்வளவு சொன்னாலும் கம்மியாத்தான் கேக்குது."
அவளுடைய காண்ட்ராக்டர் ஒற்றை விரலை நீட்டுவான்.
மிச்சத்தை அவரவர் போட்டுக்கொள்ளலாம்.

ஹால் அனுமதிக்கு மூன்று முறை அலைந்தோம்.
நான்காம் முறை அலையவில்லை.
கணக்கு நோட்டில் அதற்குப் பெயர் டீ செலவு.
முன்வரிசையில் வார்டு கவுன்சிலர்.
விரலுக்கு முதலில் சிரித்தது அவர்தான்,
அதிகம் சிரித்ததும்.

கடைசிக் காட்சி.
பத்துத் தூண். வெற்றிடம்.
புது எல்.இ.டி. விளக்கை மெல்ல ஏற்றுகிறேன்,
கரண்ட் போனது.

இருட்டில் பையன்கள் அசையவில்லை.
அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.
அதுவும் நாடகம் என்று நினைத்துவிட்டது கூட்டம்.
கைதட்டல். அப்படி ஒரு கைதட்டலை
நாற்பது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

ஜெனரேட்டரைத் தேடி ஓடினாள் இலக்கியா.
செல்போன் வெளிச்சத்தோடு நானும் பின்னால்.
ஹாலுக்குப் பின்புறம், தண்ணீர்த் தொட்டியருகே,
ஒரு சிமெண்ட் மேடை. நாலு போல்ட்.
அதன்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.
எண்ணெய்க் கறைகூட இல்லை.

"ரசீதுல இருந்துச்சே சார்?"

இருந்தது.
ஜெனரேட்டர், டீசல் உட்பட, எட்டாயிரம்.
காலையில் மேனேஜர் நீட்டியபோது
ஒரு கையில் டீ இருந்தது.
மறு கையால் போட்டேன்,
பெற்றுக்கொண்டேன் என்ற இடத்துக்குக் கீழே,
எழுத்து எழுத்தாக, முழுப் பெயர்:
ஞானப்பிரகாசம்.